கொள்முதல் மேசையிலிருந்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ போனில் கேட்ட கேள்விக்கு அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பேக்கேஜிங் வடிவமைப்பைத் தனித் தொழிலாகத் தொடங்கிவிட்டாய். கையில் வேலை இருக்கிறது, ஆனால் வேலை தருகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே தெரிந்தவர்கள். அந்த வட்டத்தைத் தாண்ட லிங்க்ட்இன் மாதிரியான, தொழில் தொடர்புகளுக்கான இணையதளங்கள் உதவுமா, உதவும் என்றால் எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டாய்.

நிச்சயம் உதவும். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை கொள்முதல் பிரிவில் இருந்தவன். நீ அனுப்பப்போகிற மெசேஜ் எந்த மேசையில் போய் விழுமோ, அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன். அங்கிருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

ஒரு கம்பெனிக்குப் புதிதாக ஒரு பெட்டி தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள். வாங்குகிறவர் முதலில் கூகுளில் தேடுவார் என்று நீ நினைப்பாய். பெரும்பாலும் அதற்கு முன்னால் யாரிடமாவது கேட்பார். "இந்த வேலைக்கு நல்ல ஆள் யாராவது தெரியுமா?" பழைய சகாவோ, அச்சகக்காரரோ, பக்கத்து டிபார்ட்மெண்டில் இருப்பவரோ ஒரு பெயரைச் சொல்வார். பெயர் கிடைத்த பிறகுதான் தேடல். தேடி உன் பக்கத்துக்கு வரும்போது அவருக்கு இருப்பது அரை நிமிடப் பொறுமை. ஆக, யாரோ ஒருவர் வாயில் உன் பெயர் வர வேண்டும். வந்து பார்ப்பவருக்கு நீ என்ன செய்கிறாய் என்று சட்டென்று புரிய வேண்டும்.

புரிய வைப்பது சுலபம், அதை முதலில் முடித்துவிடு. லிங்க்ட்இனில் உன் பெயருக்குக் கீழே தலைப்பு வரி ஒன்று இருக்கிறது, 220 எழுத்துகள் வரை எழுதலாம். அதில் "நிறுவனர்" என்று மட்டும் போட்டிருக்கிறாய். வாங்குகிறவருக்கு அது எதையும் சொல்லாது. யாருக்காக, எந்தச் சிக்கலைத் தீர்க்கிறாய் என்று எழுது. "கண்ணாடிப் பாட்டிலில் விற்கும் சிறு தயாரிப்பாளர்களுக்கு, கூரியரில் உடையாத அட்டைப்பெட்டிகளை வடிவமைக்கிறேன்" என்று எழுதினால், பாட்டில் உடைந்து அவதிப்படும் ஒருவர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார். எல்லாவற்றையும் செய்வதாக எழுதினால் யார் நினைவிலும் தங்க மாட்டாய். உன்னைப் பற்றிய பகுதியில் முதல் சில வரிகள்தான் திறக்காமலே தெரியும். அங்கே உன் படிப்பை வைக்காதே, வாடிக்கையாளரின் தலைவலியை வை. முகம் தெளிவாகத் தெரியும் ஒரு படம் போடு. நீ செய்த பெட்டிகளின் படங்களை, பழையது இப்படி, புதியது இப்படி என்று போடு. ஆனால் வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்ட பிறகு. சந்தைக்கு வராத பொருளின் பெட்டியை வெளியில் காட்டும் வெண்டரிடம் எந்தக் கம்பெனியும் மறுபடி வராது.

ஏற்கெனவே வேலை கொடுத்தவர்களிடம் பரிந்துரை எழுதித் தரச் சொல். "ஏதாவது நல்லதாக எழுதுங்கள்" என்று கேட்டால் "அருமையான சேவை" என்று ஒரு வரி வரும், அதனால் பயனில்லை. "உடைந்து திரும்பி வந்த பார்சல்கள் குறைந்ததைப் பற்றி இரண்டு வரி எழுத முடியுமா?" என்று கேள். கம்பெனிக்கென்று தனிப் பக்கம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு ஆட்கள் உன்னோடுதான் பேசுவார்கள்.

இனி கடினமான பகுதி. யாரோடு பழகுவது?

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னவர்கள் சுமார் 17 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 56 சதவீதம், மிக அரிதாகப் பார்ப்பவர் என்றவர்கள் 28 சதவீதம். காரணம் எளியது. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிவது பெரும்பாலும் உனக்கும் தெரியும். பாதி பழகியவர் வேறொரு வட்டத்தில் இருப்பதால் வேறு செய்தி வைத்திருப்பார். 2022-ல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வு இதையே லிங்க்ட்இனில் 2 கோடிப் பேரிடம், 5 ஆண்டுத் தரவை வைத்துச் சோதித்தது. வேலை மாற அதிகம் உதவியது மிதமான பழக்கம் உள்ளவர்கள்தான் என்று தெரிந்தது. மிக மெல்லிய பழக்கம் உள்ளவர்கள் அந்த அளவுக்கு உதவவில்லை. இரண்டும் வேலை தேடுவதைப் பற்றிய ஆய்வுகள். ஆனால் ஆர்டரும் அதே வழியில்தான் நகர்கிறது, அதை என் மேசையிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

அதனால் முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குத் தளத்தில் இணையச் சொல்லி அழைப்பு அனுப்பும் வேலையில் இறங்காதே. கல்லூரித் தோழிகள், பழைய அலுவலகத்தில் உன்னோடு இருந்தவர்கள், ஒரு பயிற்சியில் சேர்ந்து உட்கார்ந்தவர்கள், நீ ஒருமுறை சாம்பிள் கொடுத்து ஆர்டர் வராமல் போனவர்கள், இவர்களிடமிருந்து தொடங்கு. இவர்களில் பாதிப் பேருக்கு நீ தனியாகத் தொழில் தொடங்கியதே தெரியாது. அப்புறம் நான் முக்கியமாக நினைக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது: உன் வாடிக்கையாளரை உனக்கு முன்னாலேயே சந்திப்பவர்கள். பொருளைப் படம் எடுக்கும் புகைப்படக்காரர், சின்னக் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவர், லேபிள் அச்சடிப்பவர், நெளி அட்டை விற்பவர், கூரியர் நிறுவனத்தில் கணக்குகளைப் பார்ப்பவர். புதுப்பொருள் ஒன்று சந்தைக்கு வரப்போகிறது என்பது இவர்களுக்குத்தான் முதலில் தெரியும். இவர்களுக்கு நீ போட்டியும் இல்லை. உன்னிடம் வருபவருக்கு ஒரு நல்ல புகைப்படக்காரரை நீ சொன்னால், அவர் உன்னை மறக்க மாட்டார். கேட்பதற்கு முன்னால் கொடு மா. இதைத் தந்திரமாகச் சொல்லவில்லை; என் அனுபவத்தில் நீண்ட நாள் நிலைத்த வெண்டர்கள் எல்லாரும் அப்படிப்பட்டவர்களாகவே இருந்தார்கள்.

அழைப்போடு குறிப்பு எழுதும்போது, பெறுபவர் இடத்தில் உட்கார்ந்து எழுது. "எங்கள் முன்னணி நிறுவனம் தரமான சேவையை வழங்குகிறது" என்று தொடங்கிய எத்தனையோ மெசேஜ்களை நான் படித்து முடிக்காமலே நகர்ந்திருக்கிறேன். எனக்குத்தான் அனுப்பினார் என்பதற்கு அதில் ஒரு அடையாளமும் இருக்காது. இப்படி எழுதிப் பார்: "உங்கள் பாட்டில்களின் புதுப் பெட்டியைப் பார்த்தேன், நடுத்தடுப்பு நன்றாக இருக்கிறது. நானும் உடையும் பொருட்களுக்குத்தான் பெட்டி வடிவமைக்கிறேன். உங்கள் பதிவுகளைத் தொடர்ந்து படிக்க விரும்புகிறேன்." அவ்வளவு போதும். அவர் ஏற்றுக்கொண்ட உடனே விலைப்பட்டியலை அனுப்பாதே. கை குலுக்கி முடிக்குமுன் பில்லை நீட்டுவது போல இருக்கும்.

பதிவு எழுத வெட்கமாக இருக்கிறது என்றாய். முதலில் சில வாரம் மற்றவர்கள் பதிவுகளில் கருத்து எழுது. "அருமை" என்று எழுதாதே. உன் வேலையிலிருந்து ஒரு தகவலைச் சேர். அதைப் படிக்கிறவர்களில் சிலர் உன் பெயரைத் தட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் வாரத்துக்கு ஒன்று போதும், உனக்கு நன்றாகத் தெரிந்ததை எழுது. ஒரு யோசனை சொல்கிறேன். எடை குறைவாக இருந்தாலும் பெட்டி பெரிதாக இருந்தால் கூரியர் நிறுவனங்கள் கன அளவை எடையாக மாற்றிக் கட்டணம் போடுகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பல இடங்களில் வழக்கம். 40, 30, 20 என்று ஒரு பெட்டி இருந்தால் அது 4.8 கிலோ. அதே பொருளை 30, 25, 16 அளவுப் பெட்டியில் அடக்கிவிட்டால் 2.4 கிலோ. உள்ளே இருப்பது 2 கிலோ பொருள்தான், ஆனால் முதல் பெட்டியில் அனுப்புகிறவர் ஒவ்வொரு பார்சலுக்கும் காற்றுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார். இந்தக் கணக்கை இரண்டு பெட்டிகளின் படத்தோடு போடு. உன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம். அதைப் படிக்கிற எந்தக் கொள்முதல்காரரும் ஒரு டேப்பை எடுத்துத் தன் பெட்டியை அளந்து பார்ப்பார். ஈரப்பதத்தில் நெளி அட்டை ஏன் பலம் இழக்கிறது, அடுக்கி வைத்த பெட்டிகளில் கீழே இருப்பது ஏன் நசுங்குகிறது என்று உன்னிடம் எழுத எவ்வளவோ இருக்கிறது.

எண்ணிக்கை பின்னால் ஓடாதே. லிங்க்ட்இன் 30,000 இணைப்புகள் வரை அனுமதிக்கிறது. ஆனால் மனிதர் ஒருவர் உண்மையாகப் பேணக்கூடிய உறவுகள் சுமார் 150 என்று பிரிட்டிஷ் ஆய்வாளர் ராபின் டன்பார் 1990-களில் கணித்தார். அந்த எண்ணைப் பற்றி ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு; ஆனாலும் ஒரு எக்செல் தாளில் முக்கியமானவர்கள் பெயரை எழுதி, எப்படிப் பழக்கம், கடைசியாக என்ன பேசினீர்கள், அடுத்து எப்போது விசாரிக்கலாம் என்று குறித்து வைத்தால் உன்னால் கையாள முடிவது அந்த அளவுதான் என்று உனக்கே தெரியும். தானாக அழைப்பு அனுப்பும் மென்பொருள் வாங்கலாமா என்று கேட்டாயே, வேண்டாம். அது தளத்தின் விதிக்கே எதிரானது, கணக்கு முடங்கிப் போகலாம்.

அப்பாவாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012-ல் லிங்க்ட்இனிலிருந்து திருடுபோன கடவுச்சொற்கள் 10 கோடிக்கும் மேல் என்று 2016-ல்தான் வெளியே வந்தது. அந்தக் கணக்குக்கென்று தனிக் கடவுச்சொல் வை, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு வை. பெரிய ஆர்டர் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது கேட்டால், அந்தக் கம்பெனியின் வெப்சைட்டில் இருக்கும் எண்ணுக்கு நீயே போன் செய்து விசாரி. தொழில் பேச்சை விட்டு வேறு திசையில் போகும் மெசேஜுக்குப் பதில் சொல்லும் கடமை உனக்குக் கிடையாது. பிளாக் செய்துவிட்டு உன் வேலையைப் பார். மரியாதைக்காக ஒரு வரி எழுதிவிடலாம் என்றுகூட நினைக்காதே, கண்ணம்மா.

முதல் சில மாதங்களில் ஆர்டர் வரவில்லை என்றால் மனம் தளராதே. வெண்டரை மாற்றுவது பெரும்பாலும் ஒப்பந்தம் புதுப்பிக்கும் சமயத்திலோ, புதுப்பொருள் வரும்போதோ, பழைய வெண்டர் சொதப்பும்போதோதான். அந்த நேரம் எப்போது வரும் என்று உனக்குத் தெரியாது. வரும்போது உன் பெயர் அவருக்கு ஞாபகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போதைக்கு எத்தனை பேர் உன்னிடம் சந்தேகம் கேட்டார்கள், எத்தனை பேர் சாம்பிள் பார்க்க விரும்பினார்கள் என்று கணக்குப் பார். தினமும் அரை மணி நேரம் ஒதுக்கு, அதற்கு மேல் வேண்டாம். பெட்டி செய்யவும் நேரம் வேண்டுமே.

சரி, ஒரு வேலை தருகிறேன். என்னோடு வேலை செய்த இருவர் இப்போது வேறு கம்பெனிகளில் கொள்முதல் பார்க்கிறார்கள். அவர்களிடம் உன்னைப் பற்றிச் சொல்ல நினைக்கிறேன். நான் அப்படியே முன்னனுப்பும்படி நான்கு வரியில் ஒரு பத்தி எழுதி அனுப்பு: என்ன செய்கிறாய், யாருக்குச் செய்தாய், என்ன மாறியது, எங்கே பார்க்கலாம். என் மகள் என்பதை நான் சொல்லிக்கொள்கிறேன், நீ எழுத வேண்டாம். தலைப்பு வரியையும் திருத்திவிட்டு அனுப்பு. வாங்குகிறவனாகப் படித்துப் பார்த்து, எங்கே புரியவில்லையோ அங்கே கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா