அம்மாவுக்கு, ஸ்பெயினின் தொனோஸ்தியா நகரிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவுக்குக் கால்வலி தேவலையா? இங்கே குளிர் போய்விட்டது, மழைதான் விட்டபாடில்லை.

ஸ்பெயினில் இருந்துகொண்டு எதற்கு இந்தப் பக்கத்து பாஸ்க் மொழியைப் படிக்கிறாய் என்று கேட்டிருந்தாயே. கடைக்கும் ஆபீசுக்கும் ஸ்பானிஷ் போதும்மா. ஆனால் வீட்டுக்காரப் பாட்டி வாயைத் திறந்தால் பாஸ்க்தான். சர்வாதிகாரி பிராங்கோ ஆண்ட காலத்தில் பள்ளியில் இதைப் பேசினதற்கு அடி வாங்கியிருக்கிறார். நான் ஒரு சொல் சரியாகச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

இந்த வாரம் மாலை வகுப்பில் 'என், உன்' பாடம். நிரே என்றால் என், சூரே என்றால் உங்கள். 'அமா' என்றால் அம்மாவேதான்! அதோடு 'ரென்' ஒட்டினால் 'அம்மாவின்'. அமாரென் எச்சேயா, அம்மாவின் வீடு. சொல் வரிசைகூட நம்முடையது மாதிரியே. இத்தனைக்கும் இது எந்த மொழிக்கும் உறவில்லாத தனிமொழி.

'பெரே', 'அரென்' வந்ததும் ஸ்பானிஷ்காரர்கள் திணறிப்போனார்கள். யோன் பெரே வீட்டை விற்றான் என்றால் தன் வீட்டை. அரென் வீட்டை என்றால் வேறு யாருடைய வீட்டையோ. ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே சொல். எனக்கு 'தன்' என்று நினைத்ததுமே விளங்கிவிட்டது. ஆனால் அந்த 'அரென்' அவனுடையதா அவளுடையதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆண் பெண் பேதமே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 'குரே'. டீச்சர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவரும் 'குரே அமா' என்கிறார். எங்க அம்மா! நாம் மட்டும் 'என் அம்மா' என்றா சொல்கிறோம்? ஆனால் எங்க, நம்ம என்ற பிரிவு இதில் இல்லை. பாட்டி யாரிடமாவது 'குரே எச்சேயா' என்னும்போதெல்லாம், அந்த வீட்டில் நானும் சேர்த்தியா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

நேற்று பாட்டியோடு மீன் வாங்கப் போனேன். கடைக்காரர் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். பாட்டி நெத்திலியைப் புரட்டிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "குரே நெஸ்கா" என்றார். எங்க பொண்ணு. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது அம்மா.

பாட்டிக்கு நெத்திலிக் குழம்பு வைத்துத் தரப் போகிறேன். இங்கே புளி கிடைக்கிறது. உன் பக்குவத்தை மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
உன் மகள்