ஊரை விட்டுப் போனவனுக்கே ஊர்ப் பெயர்

பீஸ்டன், நாட்டிங்ஹாம்ஷயர்

அன்புள்ள ராமலிங்கம்,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் மற்றதைப் படிக்க மனம் ஓடியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். இங்கே மகள், மாப்பிள்ளை, பேரன் எல்லோரும் நலம். குளிர் இன்னும் முழுதாக விடவில்லை. ஆனாலும் மதியம் வெயில் வந்தால் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுகிறேன்.

பேத்தியின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கான கட்டத்தை எப்படி நிரப்புவது என்று உன் வீட்டில் நடந்த வாக்குவாதத்தை எழுதியிருந்தாய். இந்தக் கட்டத்தை உலகத்துக்கெல்லாம் கொடுத்த வெள்ளைக்காரனுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, விசாரித்து எழுது என்றும் கேட்டிருந்தாய். பதிவு அலுவலகத்திலேயே ஆயுளைக் கழித்த நம் இருவருக்கும் இதைவிட ருசியான விஷயம் கிடைக்காது. கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்.

பொதுவாகச் சொன்னால் பிடிபடாது என்பதால் ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொள்கிறேன்: அட்டன்பரோ. காந்தியைப் பற்றிப் படம் எடுத்த ரிச்சர்ட், காட்டு விலங்குகளையும் கடல் உயிர்களையும் தொலைக்காட்சியில் காட்டிய டேவிட் என்ற அண்ணன் தம்பியால் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். ஆனால் இங்கிலாந்திலேயே அது அரிய பெயர். ஸ்மித், ஜோன்ஸ் போலத் தெருவுக்குத் தெரு கிடைக்காது. அந்தப் பெயர் பிறந்த ஊர் மகள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது.

அட்டன்பரோ சின்ன ஊர். ட்ரென்ட் ஆற்றங்கரையில், கூரான கோபுரம் கொண்ட பழைய மாதா கோயிலைச் சுற்றி வீடுகள். ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே பெரிய பெரிய ஏரிகள். கட்டட வேலைக்காகச் சரளைக் கல் தோண்டி எடுத்த பள்ளங்களில் தண்ணீர் நிரம்பி உண்டானவை அவை. இப்போது அங்கே அன்னங்களும் வாத்துகளும் முக்குளிப்பான்களும் நிறைந்திருக்கின்றன. 1966-இல் அந்த நீர்நிலைகளைப் பறவைகளின் காப்பிடமாகத் திறந்துவைத்தவர் டேவிட் அட்டன்பரோதான். தன் பெயரைக் கொண்ட ஊரில் நாடா வெட்டும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்! அரசன் முதலாம் சார்லஸின் மரண ஆணையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரும் ஆலிவர் கிராம்வெல்லின் மருமகனுமான ஹென்றி அயர்ட்டனும் 1611-இல் இதே ஊரில் பிறந்தவர்.

ஆனால் பெயர் இந்த ஊரில் இருந்துகொண்டே உண்டாகியிருக்க முடியாது. ஊரில் உள்ள எல்லோருமே அட்டன்பரோக்காரர்கள் என்றால் யாரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? ஒருவன் கிளம்பிப் பக்கத்து ஊரில் குடியேறும்போதுதான் அங்குள்ளவர்கள் அவனை 'அட்டன்பரோ ஜான்' என்கிறார்கள். நம் ஊர் மளிகைக் கடைக்காரரை எல்லோரும் 'திருச்சுழியார்' என்று கூப்பிட்டார்களே, அதே கதை. நம் திருச்சுழியாரின் பட்டப்பெயர் அவரோடு போய்விட்டது. இங்கே அது மகனுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது.

ஏன் ஒட்டிக்கொண்டது என்று கேட்டால், காரணம் நம் தொழில்தான். எழுத்தர்கள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு முதலில் நிலப் பிரபுக்களுக்குப் பரம்பரைப் பெயர் வந்தது. சொத்து யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று ஏட்டில் காட்ட வேண்டியிருந்தது. பிறகு அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் மெல்ல மெல்லக் குடியானவர்களுக்கும் இறங்கியது. ஜான், வில்லியம், ராபர்ட் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெயர்களையே ஊரெல்லாம் வைத்துக்கொண்டால் தலைவரி வசூலிப்பவன் என்ன செய்வான்? 1377 முதல் 1381 வரை மூன்று முறை தலைவரி விதித்தார்கள். அந்தப் பட்டியல்களில் சாதாரண மக்கள் இரட்டைப் பெயருடன் வரிசையாக நிற்பதைக் காணலாம். 1413-இல் வந்த ஒரு சட்டம், வழக்கில் பிரதிவாதியின் பெயரோடு அவன் தொழில் அல்லது தகுதி, அவன் ஊர் எல்லாவற்றையும் சேர்த்தே எழுத வேண்டும் என்றது. 'இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன தொழில்' என்று நாம் பத்திரம் பத்திரமாக எழுதினோமே, அது இங்கே அறுநூறு வருஷத்துக்கு முந்தைய விதி.

1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவை நீ படித்தால் துள்ளிக் குதிப்பாய். ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு மாதா கோயிலுக்கு உட்பட்ட ஒவ்வொரு வட்டாரத்திலும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாரம்தோறும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டை இரண்டு பூட்டுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு சாவி பாதிரியாரிடம், மற்றொன்று கோயில் நிர்வாகிகளிடம். நம் முத்திரைத்தாள் இருந்த இரட்டைப் பூட்டு அலமாரி நினைவுக்கு வருகிறதா? அப்படிப் பூட்டிவைத்தும் எழுத்து நிலையாக இருக்கவில்லை. ஒரு பாதிரியாருக்கு அட்டன்பரோ, இன்னொருவருக்கு அட்டன்பர்ரோ. காதில் விழுந்தபடி எழுதினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவன் தன் பெயரில் என்ன எழுத்து இருக்க வேண்டும் என்று எப்படிச் சண்டை போடுவான்? அரசின் பிறப்பு இறப்புப் பதிவு 1837-இல் தொடங்கியபின் எழுத்து மெல்ல மெல்ல உறைந்தது.

பெயர் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று முதன்முதலில் முறையாகத் தேடியவர் ஹென்றி கப்பி என்ற கப்பல் மருத்துவர். சாலமன் தீவுகளில் சுற்றியவர். கடல் அலை விதைகளைத் தீவுக்குத் தீவு எப்படிக் கொண்டுபோகிறது என்று பின்னாளில் ஆராய்ந்தவர். 1890-இல் அவர் வெளியிட்ட நூலில் மாவட்டம் மாவட்டமாக விவசாயிகளின் பெயர்களை மட்டும் எண்ணியிருக்கிறார். நிலத்தோடு கட்டுண்டவன்தான் அதிகம் நகர மாட்டான் என்ற கணக்கு. எவ்வளவு சரியான யோசனை! இன்றைக்கு 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழுவதையும் கணினியில் ஏற்றிவிட்டார்கள். தன்னார்வலர்கள் உட்கார்ந்து கையெழுத்துப் படிகளைப் படித்துப் பெயர்த்து எழுதிய வேலை அது. அதில் பெயர், வயது, தொழிலோடு பிறந்த ஊருக்கும் தனிப் பத்தி உண்டு. அதை வரைபடத்தில் ஏற்றினால் அரிய பெயர்கள் நாடெங்கும் தூவிக் கிடப்பதில்லை, ஏதோ ஒரு மூலையில் குவிந்து கிடக்கின்றன. அட்டன்பரோவுக்கு அந்த மூலை நாட்டிங்ஹாம்ஷயரும் அதை ஒட்டிய டார்பிஷயரும். இந்தப் பக்கத்துச் சனம் காலுறைத் தறியும் லேஸ் தறியும் ஓட்டிக்கொண்டு, கல்யாணம் காட்சி எல்லாம் நாலைந்து கிலோமீட்டருக்குள் முடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறது. 1839-இல் நாட்டிங்ஹாமுக்கும் டார்பிக்கும் ரயில் வந்தது. இருப்புப் பாதை அட்டன்பரோவை உரசிக்கொண்டே போகிறது. அதற்குப் பிறகும் அந்தக் குவியல் கலைந்துவிடவில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1881 கணக்கையும் 1998-ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அரிய பெயர்களில் பெரும்பாலானவை இன்னும் பழைய மூலையைச் சுற்றியே அடர்ந்திருக்கின்றன.

கிளம்பிப் போனவர்களும் உண்டு. லண்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அட்டன்பரோ என்றால் அடகுக் கடை; அந்தப் பெயரில் அத்தனை கடைகள் நடந்தன. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது ரிச்சர்ட், டேவிட் இருவரின் தந்தை ஃபிரெடரிக்கின் பயணம். அவர் 1887-இல் ஸ்டேபிள்ஃபோர்டில் பிறந்தார். அட்டன்பரோவிலிருந்து அது சுமார் நான்கு கிலோமீட்டர்தான். அறுநூறு ஆண்டுகளில் பெயர் நகர்ந்த தூரம் அவ்வளவுதான் என்று எண்ணிப் பார்! அவர் பக்கத்து லாங் ஈட்டனில் பள்ளி ஆசிரியராக இருந்தார்; தலைமை ஆசிரியரின் மகளை மணந்தார். கேம்பிரிட்ஜுக்கும் போனார். 1923-இல் ரிச்சர்ட் அங்கே பிறந்தார். அடுத்து லண்டனை ஒட்டிய ஐல்வொர்த், 1926-இல் டேவிட். 1932-இல் லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வரானார். ஒரே ஆயுளில் எத்தனை மாவட்டங்கள்! பழைய வரைபடத்தைக் கலைத்தது படிப்பும் உத்தியோகமும்தான் என்பது இந்த ஒரு மனிதரின் கதையிலேயே தெரிகிறது.

லெஸ்டரைக் கவனி. அவர் முதல்வராக இருந்தபோது அங்கே ஆசிரியராக இருந்தவர் ஹாஸ்கின்ஸ் என்ற வரலாற்றாளர். வயல், வேலி, பாதை இவற்றை ஆவணமாகப் படிக்கச் சொல்லித் தந்தவர். அவருக்காக ஃபிரெடரிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் எடுத்திருக்கிறார். 1948-இல் உள்ளூர் வரலாற்றுக்கென்றே தனித் துறை அங்கே தொடங்கியது. 1965-இல் ஆங்கிலக் குடும்பப் பெயர்களை மாவட்டவாரியாக ஆராயும் திட்டமும் அங்கேயே தொடங்கியது. ஆளை அடையாளம் காட்டும் டிஎன்ஏ ரேகையை 1984-இல் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்ததும் அதே லெஸ்டரில்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குடும்பப் பெயர் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. ஆண்களிடம் மட்டும் உள்ள ஒய் குரோமோசோம் என்ற மரபு இழையும் அதே வழியில்தான் போகிறது. இரண்டும் சேர்ந்தே பயணம் செய்கின்றனவா என்று லெஸ்டரில் டியூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் சோதித்தார்கள். 2006-இல், ஒரே குடும்பப் பெயர் கொண்ட, ஆனால் ஒருவருக்கொருவர் உறவென்று அறியாத ஆண்களை 150 இணைகளாக எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஓர் இணைக்குப் பொது முன்னோர் தெரிந்தார். பெயர் அரிதாக ஆக ஆக இந்த வாய்ப்பு கூடியது. 2009-இல் 40 பெயர்கள், 1,678 ஆண்கள் என்று விரித்தார்கள். ஸ்மித்களிடையே ஒற்றுமை ஏதுமில்லை. ஸ்மித் என்றால் கொல்லன்; ஊருக்கு ஊர் ஒரு கொல்லன் இருந்திருப்பான் அல்லவா? ஆனால் அட்டன்பரோக்களில் 100-க்கு 87 பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம். அதுவும் பிரிட்டனில் அரிதாகவும், மத்தியதரைக் கடலைச் சுற்றியும் ஆப்பிரிக்காவின் வடக்கிலும் கிழக்கிலும் அதிகமாகவும் காணப்படும் வகை. அப்படியானால் என்றோ இந்த ஊரை விட்டுக் கிளம்பிய ஒரே ஒருவனின் வாரிசுகள்தான் அவர்களில் பெரும்பாலோர். மீதி 13 பேர்? தத்தெடுத்த பிள்ளை, தாயின் பெயரைச் சூடிக்கொண்டவன், மணத்துக்கு வெளியே பிறந்தவன் என்று எத்தனையோ வழிகள். வில்லங்கம் பார்க்கும்போது நூற்றாண்டுக்கு ஒரு கை மாற்றம் தெரியாமல் போகாதா என்ன?

இதைப் படித்துவிட்டு, பார்த்தாயா, தூய வம்சம் என்று சொல்லிவிடாதே. அதே குழு 2007-இல் வெளியிட்ட இன்னொரு முடிவு இருக்கிறது. கிழக்கு யார்க்ஷயரின் அரிய பெயர் ஒன்று. அதைக் கொண்ட 18 ஆண்களைச் சோதித்ததில் 7 பேரிடம் மேற்கு ஆப்பிரிக்கர் சிலரிடம் மட்டுமே அதற்குமுன் கண்டறியப்பட்ட ஒய் குரோமோசோம் வகை இருந்தது. அவர்களின் குடும்ப மரம் 1780-கள் வரை யார்க்ஷயரிலேயே போகிறது. அவர்கள் எவருக்கும் ஆப்பிரிக்கத் தொடர்பு பற்றி ஒரு சொல்லும் தெரிந்திருக்கவில்லை. அந்த ஆப்பிரிக்கர் வந்தபோது எந்தப் பதிவேடும் அவரைக் குறித்துவைக்கவில்லை. ஆனால் அவர் மகன்களின் பெயர்களை எழுதியிருக்கிறது. எனக்கு இந்தச் செய்தி மனத்தை விட்டு அகலவே இல்லை, ராமலிங்கம்.

அரிய பெயர் அரிதாக இருப்பதற்குப் பெருமையோ சிறுமையோ காரணம் இல்லை. மகன் பிறந்தானா, அவன் தங்கினானா என்பதுதான் கணக்கு. 1348-இல் வந்த கொள்ளை நோய் நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனபோது எத்தனை பெயர்கள் ஒரே வாரத்தில் அற்றுப்போயிருக்கும்! 1873-இல் பிரான்சிஸ் கால்ட்டன், பெயர்கள் ஏன் மறைகின்றன என்பதை ஒரு கணக்காக்கி ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுதினார். காலம் போனால் எல்லாப் பெயர்களும் அழிந்துவிடும் என்பது அவர் முடிவு. அது சரியில்லை, ஆளுக்குச் சராசரியாக ஒரு மகனுக்கு மேல் இருந்தால் சில பெயர்கள் தப்பிக்கும் என்று பின்னர் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனால் தப்பித்தவை எவை என்பது வெறும் அதிர்ஷ்டம். அந்த 87 பேரும் அதிர்ஷ்டத்தின் வாரிசுகள். அதே ஊரிலிருந்து அதே காலத்தில் கிளம்பிய வேறொருவனுக்கு மூன்று மகள்கள் மட்டும் பிறந்திருந்தால், அவன் இந்த வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

என்னை உறுத்துவது இந்த இடம்தான். பெயரின் வரைபடம் என்று எதைப் பார்த்தாலும் அது ஆண்களின் வரைபடம். அட்டன்பரோ வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் திருமணப் பதிவேட்டில் கடைசியாக அந்தப் பெயரை எழுதிவிட்டு, இல்லை கீறலாக ஒரு சிலுவைக் குறி போட்டுவிட்டு, வேறு பெயர்களுக்குள் போயிருப்பார்கள்? இந்த மாவட்டத்தில் பாதிப் பேருக்காவது அவர்கள் வழியாக உறவு இருக்கும். நாட்டிங்ஹாம் ஆவணக் காப்பகத்தில் இந்தப் பக்கத்துப் பங்குப் பதிவேடுகள் இருக்கின்றன. அடுத்த வாரம் மகள் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருக்கிறாள். திருமணப் பதிவுகளில் அந்தப் பெண்களை மட்டும் தேடி, யார் எந்த ஊருக்குப் போனாள் என்று ஒரு பட்டியல் போடப் போகிறேன். முடிந்தால் உனக்கு ஒரு படி அனுப்புகிறேன். கண் தெளிந்ததும் நீ சரிபார்த்துத் தா. பழைய கையெழுத்தைப் படிப்பதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது.

சகோதரிக்கு என் வணக்கம். பேத்தியின் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று எழுது.

என்றும் அன்புடன்,
வேலாயுதம்