பங்கு வாங்கலாமா என்று கேட்டாயே

அன்புள்ள சேகர்,

பேத்திக்குப் பல் முளைத்த சேதி படித்துச் சந்தோஷம். போன மாதம் நம் பழைய மெடிக்கல் ரெப் கூட்டம் திருச்சியில் கூடியது. நீ வரவில்லையே என்று எல்லாருக்கும் குறை. ஒரு காலத்தில் டார்கெட் பற்றிப் புலம்பியவர்கள் இப்போது முதுகுவலி பற்றிப் புலம்புகிறார்கள்.

எலும்பு அடர்த்தி குறைந்து லேசில் முறியும் எலும்புத் தேய்மானத்துக்குப் புது மருந்து தயாரிக்கும் கம்பெனியில் பணம் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். நான் போடமாட்டேன். மெர்க் கம்பெனி இதே நோய்க்குத் தயாரித்த ஒடானகாடிப் மருந்து ஞாபகம் இருக்கிறதா? 16 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களிடம் சோதித்தார்கள். எலும்பு முறிவு நன்றாகவே குறைந்தது. ஆனால் பக்கவாத ஆபத்து கூடுவது தெரிந்ததும் 2016இல் மொத்தமாகக் கைவிட்டார்கள். இந்த நோயில் மருந்து பலிக்கிறதா என்று பார்க்க முறிவுகளை எண்ண வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கானவர்களை வருஷக்கணக்கில் கவனிக்க வேண்டும். அவ்வளவு செலவழித்துக் கடைக்கு வந்தால் எதிரே நிற்பது 1995இல் வந்த அலெண்ட்ரோனேட். காப்புரிமை போய் எப்போதோ மலிவாகிவிட்ட மாத்திரை. வெறும் வயிற்றில் விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் இருக்கவேண்டும் என்பதால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள், அது வேறு கதை.

அதற்காகப் புதிதாக ஒன்றுமே வரவில்லை என்று சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளியினரான சில ஆப்பிரிக்கானர் குடும்பங்களில் ஒரு பரம்பரை நோய் உண்டு. எலும்பு வளர்ந்துகொண்டே போகும். தாடை பெருக்கும், மண்டையோடு தடித்து நரம்புகளை நெருக்கும். பாவம், கஷ்டமான வாழ்க்கை. ஆனால் அவர்கள் எலும்பு லேசில் முறியாது. காரணமான ஜீனை 2001இல் கண்டுபிடித்தார்கள். ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதம் எலும்பு வளர்ச்சிக்குப் பிரேக் மாதிரி. அவர்களுக்கு அது இல்லை. அந்தப் பிரேக்கை மற்றவர்களுக்கு ஊசியால் தளர்த்துவதுதான் ஆம்ஜென், யுசிபி கம்பெனிகளின் ரோமோசோசுமாப். 2019இல் அனுமதி கிடைத்தது. மாதாமாதம், ஒரே ஒரு வருஷம். கடந்த ஓராண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்குப் போடக் கூடாது. இத்தனை வருஷம் மருந்து விற்றதில் இவ்வளவு அழகான ஆராய்ச்சிக் கதையை நான் கேட்டதில்லை.

சந்தையில் நிஜமான நடமாட்டம் எலும்பு கரைவதைத் தடுக்கும் டெனோசுமாப் ஊசியில்தான். அதை ஆம்ஜென் விற்கும் பெயரான புரோலியா 2024இல் மட்டும் 400 கோடி டாலருக்கு மேல் விற்றது. 2025இல் அமெரிக்காவிலும் பயோசிமிலர்கள், அதாவது அதே மாதிரி மற்ற கம்பெனிகள் செய்யும் ஊசிகள், வந்துவிட்டன. நம் ஊர்க் கம்பெனிகளும் செய்கின்றன. இனி விலைப் போட்டிதான். நோயாளிக்கு நல்லது, உன்னைப் போன்ற முதலீட்டாளருக்கு அல்ல!

அப்புறம், கமலா தங்கச்சிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி என்று எழுதியிருந்தாயே, அது இதே டெனோசுமாப்தான். தேதி தவறவே கூடாது. நிறுத்தினால் சேர்ந்த எலும்பு அடர்த்தி மளமளவென்று இறங்கும், சிலருக்கு முதுகெலும்பில் ஒரே நேரத்தில் பல முறிவுகள் வரும். நிறுத்த வேண்டியிருந்தால் வேறு மருந்துக்கு மாற்றித்தான் நிறுத்துவார்கள். டாக்டரிடம் முன்கூட்டியே பேசு. பல் பிடுங்கப் போனால் பல் டாக்டரிடமும் ஊசி விஷயத்தைச் சொல்லச் சொல்.

கடைசி ஊசி போட்ட தேதியை எனக்கு எழுது. என் போனிலும் நினைவூட்டல் வைத்துக்கொள்கிறேன். கரண்ட் பில்லையே மறக்கிற ஆள் நீ.

அன்புடன்,
முத்துக்குமார்