ஸ்டூல் போட வெச்ச அக்காங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நான் சென்னைல ஒரு ஜவுளிக்கடைல சுடிதார் செக்‌ஷன்ல நிக்கிறேன், ஊரு தென்காசி பக்கம். நின்னுகிட்டே வேலை பாத்த நாங்க உட்கார்றதுக்கு எங்க கவுண்டருக்குப் பின்னாடி இப்போ ஸ்டூல் கெடக்கு, அது தானா வரல, அதுக்கு காரணமானவங்களுக்கு யாரும் நன்றி சொன்ன மாதிரி தெரியல, அதான் இந்த மடல்.

மொதல்ல கோழிக்கோடு விஜி சேச்சிக்கு. மிட்டாய் தெருவுல தையல் வேலை பாத்தவங்க. அங்க கடைல நிக்கிற பொண்ணுங்களுக்கு பாத்ரூமே இல்ல, கேட்டா தண்ணி குடிக்காதீங்கன்னு சொல்லுவாங்களாம். (இது எங்களுக்கும் புதுசில்ல, சீசன்ல நாங்களே பாட்டில தொட மாட்டோம்.) அதுல ஆரம்பிச்சு பெண்கூட்டுன்னு ஒரு அமைப்பா சேந்து உட்கார்ற உரிமை வரைக்கும் கேட்டாங்க. 2014 கடைசில திருச்சூர்ல ஒரு சேலைக்கடைல வேலை பாத்தவங்க கடை வாசல்லயே உட்கார்ந்து போராடுனாங்க, விரல் விட்டு எண்ணிடலாம் அத்தனை பேருதான், ஆனா நூறு நாளைக்கு மேல உட்கார்ந்தாங்க. 2018ல கேரளாவுல கடை ஊழியருங்க உட்கார்றதுக்கு வழி பண்ணி சட்டத்த திருத்துனாங்க. விஜி சேச்சி பேராச்சும் அந்த வருஷம் பிபிசியோட 100 பெண்கள் பட்டியல்ல வந்துச்சு, வெயில்ல கூட உட்கார்ந்தவங்கள யாருக்குத் தெரியும்? அவங்களுக்கும் சேத்துதான் இந்த நன்றி.

நம்ம ஊர்ல 2021 செப்டம்பர்ல சட்டசபைல திருத்தம் வந்துச்சு. கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947ல இருந்தே இருக்கு, அதுல 22-ஏன்னு புதுசா சேத்தாங்க, வேலைக்கு நடுவுல உட்கார நேரம் கெடைச்சா உட்கார்றதுக்கு எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்கணும்னு. பழைய பட்டுக்கடைல ஆம்பளைங்க மெத்தைல சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் சேலை விரிச்சாங்க, யாரும் அத மரியாதைக் குறைச்சல்னு சொல்லல, மாடி மாடியா கண்ணாடி கவுண்டர் வந்து பொம்பளைப் பிள்ளைங்கள நிறுத்துனதுக்கு அப்புறம்தான் உட்கார்ந்தா கஸ்டமருக்கு மரியாதை இல்லங்கிற பேச்செல்லாம்.

சட்டம் வந்தும் ஸ்டூல் உடனே வரல, வந்தப்புறமும் கேமரா பாக்குதுன்னு பயந்துகிட்டு யாரும் உட்காரல. காட்டன் செக்‌ஷன் அக்காதான் மொதல்ல உட்கார்ந்தாங்க. கால்ல நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சா பொடச்சு நிக்கும் அவங்களுக்கு, சாயங்காலம் ஆனா செருப்புக்குள்ள கால் நுழையாது. சூப்பர்வைசர் வந்து மொறைச்சப்ப எந்திரிக்காம, கஸ்டமர் வந்தா எந்திரிக்கிறேன் சார், சட்டமே அப்படித்தான் சொல்லுதுன்னு மெதுவா சொன்னாங்க பாருங்க, அன்னைக்கு மத்தியானமே நாங்க ஆளாளுக்கு மாத்தி மாத்தி உட்கார ஆரம்பிச்சோம். அக்கா, அந்த மாசம் உங்களுக்கு இன்சென்டிவ் குறைஞ்சது எங்களுக்குத் தெரியும், நீங்க வாயத் தொறக்கலன்னாலும்.

பாத்ரூம் கழுவுற ஆயாம்மாவுக்கு நன்றி. நாப்கின் இல்லாம முழிக்கிற பிள்ளைக்கு தன் பையில இருந்து எடுத்துக் குடுப்பாங்க, அவங்க சம்பளம் எங்கள விட கம்மி. ரிட்டயர்டு டீச்சர் ஒரு கஸ்டமர், நீ உட்கார்ந்தே எடுத்துக் காட்டு தாயி, நான் நின்னு பாத்துக்கறேன்னு மேனேஜர் காதுல விழுற மாதிரி சொன்னாங்க, அவங்களுக்கும் நன்றி, அந்த மாதிரி கஸ்டமர் மாசத்துக்கு ஒருத்தர் வந்தா எங்க பாதி சண்டை மிச்சம்.

கால் வலி தாங்காம வேலைய விட்டு ஊருக்குப் போன பிள்ளைகளே, ஹாஸ்டல் ரூம்ல உங்க கூட பேசிப் பேசித்தான் எங்களுக்கு இதெல்லாம் கேக்கவே தைரியம் வந்துச்சு. திரும்ப வர்றதா இருந்தா சொல்லுங்கட்டி, சுடிதார்ல ரெண்டு ஆள் குறையுது. ஆனா ஆடி சேலுக்கு எடம் பத்தலன்னு ஸ்டூல ஸ்டாக் ரூமுக்கு தூக்கப் போறதா ஒரு பேச்சு ஓடுது, காட்டன் அக்கா இப்பவே லேபர் ஆபீசுக்கு மனு எழுதி வெச்சுட்டாங்க, கையெழுத்துக்கு ஆள் சேத்துட்டு இருக்கோம்.