அழித்தாலும் அழியாத உரையாடல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனு எழுதவும் மருத்துவ அறிக்கையைப் புரிந்துகொள்ளவும் மக்கள் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியை நாடுவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் செயலியில் தட்டச்சு செய்த விவரங்கள் பிறகு என்ன ஆகின்றன என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் ஊர்த் தாலுகா அலுவலகத்தை ஒட்டியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் இப்போது மனுக்கள் பெரும்பாலும் சாட்ஜிபிடியில்தான் தயாராகின்றன. கடைக்காரரின் ஒரே கணக்கில்தான் எல்லார் வேலையும் நடக்கிறது. பட்டா பெயர் மாற்ற மனுவுக்காக ஒரு கடைக்குப் போயிருந்தேன். திரையின் இடப்பக்கம் பழைய உரையாடல்களின் தலைப்புகள் வரிசையாகத் தெரிந்தன. ஜீவனாம்ச மனு, கர்ப்பப்பை ஸ்கேன் விளக்கம், மகன் மீது புகார். ஒன்றைத் தொட்டால் போதும், பெயர், முகவரி, ஆதார் எண், வீட்டுச் சண்டை அத்தனையும் விரியும். கடைக்காரர் நாணயமானவர், வாடிக்கையாளர் விஷயத்தை வெளியே பேசமாட்டார். ஆனாலும் பின்னால் காத்திருப்பவர்கள் கண்ணில் அது படாமல் இருக்க வழியில்லை. ஒரு பெண் தன் கஷ்டத்தைச் சொல்லி எழுதி வாங்கிய மனு இப்படிக் கிடக்கலாமா?

மனு அச்சானதும் அந்த உரையாடலை வாடிக்கையாளர் கண்முன்னே நீக்குவதைக் கடைக்காரர்கள் வழக்கமாக்க வேண்டும். அதைவிட, ‘தற்காலிக உரையாடல்’ என்ற வசதியைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்துவிட்டால் அது பட்டியலிலேயே ஏறாது. செயலியின் ‘நினைவக’ப் பகுதியையும் பார்க்க வேண்டும். அதில் பதிந்த விவரம் உரையாடலை நீக்கினாலும் போகாது, தனியாகத்தான் நீக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் நிறுவனத்தின் கணினியில் அது உடனே மறைந்துவிடாது. அழித்த உரையாடல் பொதுவாக 30 நாட்களுக்குள் நீக்கப்படும் என்கிறது சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ. அதற்கும் உத்தரவாதம் இல்லை என்பதை 2025-இல் கண்டோம். ஓபன்ஏஐ மீது நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தொடுத்த பதிப்புரிமை வழக்கில், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் சேர்த்து வைத்திருக்கும்படி அமெரிக்க நீதிமன்றம் மே மாதம் உத்தரவிட்டது. செப்டம்பர் கடைசி வரை அது நீடித்தது. இதே போன்ற கூகுளின் ஜெமினி செயலியிலோ, மனிதர்கள் பரிசீலனைக்கு எடுத்த உரையாடல்கள், நாம் அழித்த பிறகும் மூன்று ஆண்டு வரை இருக்கலாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

வக்கீலிடமும் டாக்டரிடமும் சொல்வதற்குச் சட்டம் தரும் ரகசியக் காப்பு இந்தச் செயலிகளிடம் சொல்வதற்கு இல்லை. இதை ஓபன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மனே 2025-இல் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். நம் மக்களோ வக்கீலிடம் சொல்லத் தயங்குவதைக்கூட இதனிடம் கொட்டுகிறார்கள்.

இந்த நிபந்தனைகளெல்லாம் நீண்ட ஆங்கில ஆவணங்களில் புதைந்திருப்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு சேகரிப்பவர் தரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பு மக்களுக்கு இருக்க வேண்டும் என்கிறது. தமிழும் அந்த அட்டவணையில் உள்ளது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கோ 18 மாத அவகாசம். தமிழில் கேட்டால் தமிழிலேயே மனு எழுதித் தரும் நிறுவனங்களுக்கு, ‘நீங்கள் அழித்தாலும் இத்தனை நாள் எங்களிடம் இருக்கும்’ என்று அழி பொத்தானுக்குக் கீழே தமிழில் ஒரு வரி போட அவகாசம் எதற்கு? இதைத் தங்கள் இதழ் தலையங்கமாகவே எழுதிக் கேட்க வேண்டும். கடைகளில் ஒட்டிவைக்கும்படி, உரையாடலை நீக்கும் முறையை ஒரு பக்கத்தில் படத்துடன் வெளியிட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
விருத்தாசலம்.