பொருள்: 99.9ஐ 100 ஆக்கும் உங்கள் கிரகணச் செயலி - ஐந்தாவது புகார்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். முந்தைய நான்கு புகார்களும் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டுவிட்டன. எதைத் தீர்த்தீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்த முறையாவது கணக்கு தெரிந்த ஒருவரிடம் இதைக் கொடுங்கள்.

ஒவ்வொரு ஊருக்கும் செயலி காட்டும் இட அட்டையில், சூரியன் எத்தனை சதவீதம் மறையும் என்ற மறைப்பு விகிதத்தைத் தசமம் இல்லாமல் காட்டுகிறீர்கள். 99.5ஐத் தாண்டினால் எல்லாம் 100. அந்த 100ஐ நம்பித்தான் மணியும் அடிக்கிறது: "இப்போது கண்ணாடியைக் கழற்றலாம்." 2024 ஏப்ரல் 8 சூரிய கிரகணத்தன்று அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள சான் அன்டோனியோ நகர மையத்தில் இதுதான் நடந்தது. சூரியன் முழுதும் மறைந்து தெரியும் நிலப்பகுதியான முழுமறைப்புப் பட்டையின் விளிம்பு அந்த ஊருக்குள்ளேயே ஓடியது. வடமேற்குப் பகுதி உள்ளே, நகர மையம் வெளியே. இன்னும் வடமேற்கே கெர்வில்லுக்குப் போயிருந்தால் 4 நிமிடத்துக்கும் மேல் முழுமறைப்பு. அன்று மேகம் இருந்தது உண்மை, அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால் கண் தப்பியது அந்த மேகத்தால்தான், உங்கள் மணியால் அல்ல!

இதைச் சொன்னதற்கு உங்கள் சாட் பிரதிநிதி அனுப்பிய பதில்: "ஒரு பர்சென்ட்கூட வித்தியாசம் இல்லையே சார், அதுக்கா இவ்வளவு?" கிரகணச் செயலி விற்கும் நிறுவனத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? முழுமறைப்பின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டம் (கொரோனா) சூரிய ஒளியில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். மறையாமல் எஞ்சும் மெல்லிய கீற்றே அதைவிடப் பல நூறு மடங்கு பிரகாசம். ஒளிவட்டம் கண்ணில் படாது, ஆனால் கண்ணைக் கெடுக்க அந்தக் கீற்று போதும். சூரியனைப் பார்க்கும் கண்ணாடிக்கான ஐஎஸ்ஓ 12312-2 பாதுகாப்புத் தரம் உள்ள கண்ணாடி, அந்தக் கீற்றும் முழுதாக மறையும் நொடி வரை முகத்தில் இருக்க வேண்டும்.

சந்திர கிரகணத்திலும் இதே அலட்சியம். 2025 செப்டம்பர் 7 அன்று லண்டனுக்கு "82 நிமிட முழுமறைப்பு" என்று போட்டீர்கள். முழுமறைப்பு உலக நேரப்படி 17:30 முதல் 18:52 வரை. லண்டனில் சந்திரன் உதித்ததே அதே உலக நேரப்படி 18:30 வாக்கில். மிஞ்சியது இருபது நிமிடம் சொச்சம், அதுவும் அடிவானத்தை ஒட்டி. சந்திர கிரகணத்தின் கட்டங்கள் எல்லா ஊருக்கும் ஒரே கணத்தில்தான் வரும். ஊருக்கு ஊர் மாறுவது சந்திரன் வானில் இருக்கிறதா என்பது மட்டும். அந்த உதய நேரத்தை ஒப்பிட ஒரே ஒரு வரி போதும். அதைக்கூட எழுதாமல், கிரகணமே தெரியாத நியூயார்க்குக்கும் "இன்றிரவு பாருங்கள்" என்று நினைவூட்டல்!

"அதுக்கா இவ்வளவு." இன்னும் காதிலேயே நிற்கிறது. அலாஸ்காவை விட்டால் அமெரிக்கப் பெருநிலத்துக்கு அடுத்த முழு சூரிய கிரகணம் 2044 ஆகஸ்டில். உங்கள் ஒரு தசமப் புள்ளி இருபது வருடத்தை விழுங்கிவிட்டது. இதற்கு எந்த நஷ்டஈடும் ஈடாகாது.

தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். விகிதத்தை முழு எண்ணாக்காதீர்கள். "கழற்றலாம்" மணியை விகிதத்தோடு கட்டாமல், அந்தந்த அட்சரேகை தீர்க்கரேகைக்குக் கணக்கிட்ட இரண்டாம், மூன்றாம் தொடுகை நேரங்களோடு, அதாவது முழுமறைப்பு தொடங்கும், முடியும் கணங்களோடு கட்டுங்கள். அந்தத் தொடுகைகள் இல்லாத இடத்தில் மணியே அடிக்கக் கூடாது. பட்டை விளிம்பு எத்தனை கிலோமீட்டர், எந்தத் திசை என்றும் காட்டுங்கள். அன்று அது ஒன்று இருந்திருந்தாலே வண்டியை வடமேற்கே திருப்பியிருக்கலாம். 2026 ஆகஸ்ட் 12 சூரிய கிரகணத்துக்கு ஸ்பெயினின் மாட்ரிட், பார்சிலோனா இரண்டுக்கும் இப்போதும் 100 என்றே காட்டுகிறீர்கள். இரண்டும் பட்டைக்கு வெளியே. சரகோசா, பில்பாவோ உள்ளே. இதையும் திருத்தாவிட்டால் கண் போகப்போவது யாருக்கு?

15 நாளில் எழுத்துப்பூர்வமான பதிலும் சந்தா பணமும் வராவிட்டால் இந்த ஐந்து கடிதங்களும் திரைப்பிடிப்புகளும் (ஸ்கிரீன்ஷாட்) நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும். அதுவரை பொறுமையாகத்தான் இருப்பேன்.

"ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்" என்று மட்டும் எழுத வேண்டாம். நான்கு முறை செய்தாயிற்று. அப்போதும் 100தான்.

இப்படிக்கு,
ஆண்டுச் சந்தாதாரர்