கணக்கு சரியாக இருந்த நாள்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த வெற்றிப் பழக்கங்கள் பற்றிய கட்டுரை இரண்டு விஷயங்களைச் சொன்னது. எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்பது ஒன்று. இரவு படுக்கும் முன் அன்றைய சாதனைகளைப் பட்டியலிட வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது தவறு. இரண்டாவது பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

21 நாள் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதினார். வாய் மாறி வாய் வந்ததில் ‘குறைந்தது’ உதிர்ந்துவிட்டது, முகமும் மறந்துவிட்டது, எண் மட்டும் மிஞ்சியது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் தானாக வரும் நிலையை எட்ட நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. (12 வார ஆய்வில் 254 நாளை எப்படிப் பார்த்தார்கள் என்று என் மகள் கேட்டாள். பார்க்கவில்லை, அவரவர் போக்கை வைத்துக் கணக்குப் போட்டுச் சொன்ன மதிப்பீடு அது.) இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு ஏற்படவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. ‘விடாமல்’ என்பதை நம்பி, ஒரு நாள் தவறியதும் எல்லாவற்றையும் கைவிட்டவர்கள் உங்கள் வாசகர்களில் இருப்பார்கள். அவர்களுக்காகவாவது இதைப் போடுங்கள்.

இனி சாதனைப் பட்டியல். நான் ஆபரேஷன் தியேட்டரில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். எங்கள் வேலையில் இரவு உட்கார்ந்து பட்டியலிட ஒன்றும் இருக்காது. நோயாளியின் வயிற்றுக்குள் வைத்த துணியெல்லாம் திரும்ப வெளியே வந்துவிட்டது என்பதை யாராவது சாதனை என்று எழுதுவார்களா? ஆனால் என் வேலை அதுதான்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கத்தி வைப்பதற்கு முன் காஸ், மாப் (ரத்தத்தை ஒற்றியெடுக்கும் சிறிய, பெரிய துணிகள்), ஊசி, கருவிகள் எல்லாவற்றையும் இருவர் சேர்ந்து வாய்விட்டு எண்ணுவோம். ஒருவர் கையுறை போட்டு மேஜையருகே நிற்கும் ஸ்க்ரப் நர்ஸ்; இன்னொருவர் வெளியில் நின்று எடுத்துக் கொடுப்பவர். எண்ணியதைப் பலகையில் எழுதுவோம். நடுவில் புதுத் துணிக்கட்டு ஒன்றைப் பிரித்தால் அதையும் எண்ணிச் சேர்ப்போம். வயிற்றை மூடத் தொடங்கும்போது ஒரு முறை, தோலைத் தைக்கும்போது இன்னொரு முறை. எண்ணும் வரிசை மாறக் கூடாது: முதலில் அறுவை நடக்கும் இடம், பிறகு மேஜை, பிறகு டிராலி, கடைசியாக வாளியில் போட்டவை. வரிசை மாறினால் எண்ணியதையே மறுபடி எண்ணுவோம், இல்லையென்றால் ஒன்றை விட்டுவிடுவோம். கடைசி எண்ணிக்கை முடியும்வரை குப்பைப் பைகூட அறையைவிட்டு வெளியே போகக் கூடாது. ஒவ்வொரு துணியிலும் எக்ஸ்ரேயில் தெரியும் இழை ஒன்று இருக்கும். மனிதர்கள் எப்போதாவது தவறுவார்கள் என்று தெரிந்த யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

ஒருமுறை ஒரு காஸ் குறைந்தது. நேரம் நீண்டுபோன அறுவை, எல்லோருக்கும் கால் வலி. “இன்னொரு தரம் எண்ணுங்க சிஸ்டர், எங்கேயும் போயிருக்காது” என்றார் சர்ஜன், ஊசியைக் கையில் பிடித்தபடி. மறுபடி எண்ணினோம். ஒன்று குறைவுதான். அவர் தைப்பதை நிறுத்தினார். கடைசியில் நோயாளியின்மேல் விரித்திருந்த பச்சைத் துணியின் மடிப்பில் ஒட்டிக்கொண்டு கிடைத்தது. அன்று எல்லோரும் பாராட்டினார்கள். மேட்ரன் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த வாரம்வரை அதே பேச்சு.

நான் யோசித்தது வேறு. அதற்கு முந்தின நாள் எண்ணிக்கை சரியாக இருந்தது. அன்றும் நான் செய்தது இதே வேலைதான். அதே வரிசை, அதே குரல். அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் எனக்கு ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆபத்திலிருந்து மீட்ட நாளை எல்லோரும் பார்க்கிறார்கள். ஆபத்தே வராமல் கழிந்த நாள் யார் கண்ணிலும் படுவதில்லை. உங்கள் பத்திரிகை மட்டுமல்ல, எந்தப் பத்திரிகையும் ‘நேற்று ஒன்றும் தப்பாக நடக்கவில்லை’ என்று செய்தி போடாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தன் நாளைத் தானே மதிப்பிடும்போதும் ஒருவர் செய்தி ஆசிரியரைப் போலவே தேடினால், கையில் ஒன்றும் அகப்படாது.

அதற்காக, ஒன்றும் நடக்கவில்லை என்றாலே நாம் சிறப்பாகச் செய்தோம் என்று தட்டிக்கொடுத்துக்கொள்ளவும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவைக்கென்று 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி அறையைவிட்டுப் போவதற்கு முன் என்று மூன்று இடங்களில் நின்று சரிபார்க்க வேண்டும். எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009-இல் முடிவு வெளியானது. பின்னர் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகள் பட்டியலை ஏற்றபின் கணக்கெடுத்தார்கள். இறப்பு 0.71 சதவீதத்திலிருந்து 0.65 ஆனது, குறிப்பிடத்தக்க மாற்றமில்லை என்று 2014-இல் எழுதினார்கள். ஏன் இந்த வேறுபாடு என்று நிபுணர்கள் இன்றும் வாதிடலாம். நான் கண்ணால் பார்த்தது ஒன்று உண்டு: நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே மூன்று பகுதிக்கும் டிக் அடித்துத் தயாராக வைத்திருந்த தாள்.

பழக்கத்தின் மறுபக்கம் இது. தானாக வரத் தொடங்கியதும் வாய் எண்ணும், கண் வேறெங்கோ இருக்கும். ஜப்பானில் ரயில் ஊழியர்கள் சிக்னலைக் கைநீட்டிக் காட்டி அதன் நிலையை உரக்கச் சொல்வார்கள். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-இல் எளிய வேலை ஒன்றைக் கொடுத்துச் சோதித்தது. பேசாமல் செய்தபோது நூற்றுக்கு 2.38 ஆக இருந்த பிழை, கைநீட்டிச் சொல்லிச் செய்தபோது 0.38 ஆனது. நாங்களும் ஒவ்வொரு துணியையும் தனித்தனியே பிரித்து, இருவரும் பார்க்கும்படி காட்டித்தான் எண்ணுவோம். கட்டாக அப்படியே வைத்து ‘அஞ்சு’ என்று சொல்லிவிட்டால் நேரம் மிச்சம்தான். கட்டிலேயே நான்குதான் இருந்திருந்தால்?

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இரவில் எழுதுகிறவர்கள் விளைவை எழுதுவதைவிடச் செயலை எழுதுவது நல்லது. ‘கணக்கு சரியாக வந்தது’ என்பது விளைவு. அரைத் தூக்கத்தில் எண்ணியும் அது சரியாக வரலாம். அது அதிர்ஷ்டம், அதை நான் எழுதமாட்டேன். ‘சாயங்கால கேஸில் அவசரப்படுத்தினார்கள், வரிசையை மாற்றாமல் எண்ணினேன்’ என்பது நான் செய்தது. டைரியில் அப்படி ஒரு வரி, அவ்வளவுதான். எழுத ஒன்றும் இல்லாத நாளில் வெற்றுப் பக்கம் இருக்கட்டும். இட்டுக்கட்டி எழுதத் தொடங்கினால் முன்கூட்டியே டிக் அடித்த தாளுக்கும் டைரிக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும்.

கூட வேலை செய்கிறவர்களிடமும் இதையேதான் சொல்லவேண்டும். ஹார்வர்டின் டெரெசா அமாபிலே குழுவினர் 238 பணியாளர்கள் எழுதிய ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புகளைப் படித்துப் பார்த்தார்கள். வேலையில் மனம் நன்றாக இருந்த நாள்களில் பெரும்பாலும், தான் மதிக்கும் வேலையில் சின்னதாகவாவது ஒரு படி முன்னேறியிருந்தார்கள். ஊழியர்களுக்கு ஊக்கம் தருவது எது என்று 669 மேலாளர்களிடம் கேட்டு வரிசைப்படுத்தச் சொன்னபோது, இந்த முன்னேற்றம் கடைசி இடத்துக்குப் போனது. எனக்கு ஆச்சரியமில்லை. ‘வெரி குட் சிஸ்டர்’ நிறையக் கேட்டிருக்கிறேன். எதற்காக என்று சொன்னவர்கள் மிகச் சிலர்.

என் இடத்துக்கு வந்த இளம் செவிலியர் இப்போது புதியவர்களுக்குப் பயிற்சி தருகிறார். எப்படிப் பாராட்டுவது என்று ஒருநாள் போனில் கேட்டார். பார்த்ததைச் சொல்லு என்றேன். “மூணாவது கட்டைப் பிரிக்கும்போது எல்லாரும் அவசரப்படுத்தினாங்க, நீ நின்னு பிரிச்சு எண்ணினே, நான் பார்த்தேன்.” அன்றே, அந்த அறையிலேயே சொல்லிவிடு, மாதக் கூட்டத்துக்காக வைத்திருக்காதே என்றும் சொன்னேன்.

உங்கள் இணைப்பில் வெற்றி பெற்றவர்களின் பேட்டிகள் வருகின்றன. வரட்டும், நானும் படிப்பவள்தான். அவர்களிடம் ‘எப்படிச் சாதித்தீர்கள்’ என்ற கேள்வியோடு இன்னும் இரண்டு கேட்டுப் பாருங்கள்: யாரும் பார்க்காதபோதும் வரிசை மாற்றாமல் செய்கிற வேலை உங்களுக்கு எது? அதை இன்று ஒழுங்காகச் செய்தீர்களா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? மாதம் ஒருமுறையாவது, எதிலும் முதலிடம் பெறாத ஒருவரிடமும் இதே இரண்டைக் கேட்டு, அதே அளவு இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் செவிலியர்
(பெயர் வெளியிட வேண்டாம்)